பந்து வீசிய பாலூ

கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்கள் நினைவு இன்றைய வீரர்களை நோக்கி ஓடும். இரவைப் பகலாக்கும் விளக்குகளும், ஆரவாரிக்கும் பல்லாயிரம் மக்களும் உங்கள் கண்முன் தோன்றக் கூடும். நான் உங்களை நூறாண்டுகளுக்கும் அப்பால் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1911-ஆம் ஆண்டின் கோடையில் நம் நாட்டிலிருந்து ஓர் அணி கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. அதற்கு முன் 1886-லும் 1888-லும் பார்சி மக்களின் அணிகள் அங்கே சென்று ஆடியிருந்தன. ஆயினும் இந்தியா முழுவதன் பெயரையும் தாங்கிச் சென்ற முதல் அணி 1911-ஆம் ஆண்டு அணியே ஆகும். அந்த அணியில் எல்லோரினும் மிகுதியாகப் பந்து வீசியவர், எல்லோரினும் மிகுதியான விக்கெட்டுகளை வீழ்த்தியவர், பல்வாங்கர் பாலூ என்பவர். அவர் பிறந்தது தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குலத்தில். அவருடைய திறமை எவ்வளவு தொலைவு அவரை அழைத்துச் சென்றது, எந்த இடத்தில் அது அவரை நிறுத்திவிட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விளையாட்டுக் களத்தில் எல்லோரும் சமம் என்று நாம் சொல்லிக் கொள்கிறோம். பந்து எவர் கையிலிருந்து வருகிறது என்று மட்டை கேட்பதில்லை. ஆனால் அந்தக் களத்துக்குள் நுழைவதற்கு ஒரு வாயில் உண்டு. அந்த வாயிலில் நிற்பவர்கள் மனிதர்கள். எவரை உள்ளே விடலாம், எவரை வெளியே நிறுத்தலாம் என்று அவர்கள்தாம் தீர்மானித்து வந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் ஆட்டம் அந்நாட்டு மக்களின் உயிரோடு கலந்த ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்குள்ள பெரிய அணிகள் கறுப்பின மக்களுக்குத் தம் கதவை அடைத்துவிட்டன. எழுதி வைத்த சட்டம் ஏதும் இல்லை. எழுதாத சட்டமே எழுதியதைவிட உறுதியாக நின்றது. ஆகவே கறுப்பின மக்கள் தமக்கெனத் தனி அணிகளை அமைத்துக் கொண்டனர். 1920-ஆம் ஆண்டில் ரூப் ஃபாஸ்டர் என்பவரின் முயற்சியால் கான்சாஸ் நகரத்தில் அவ்வணிகளின் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. அதில் புகழ் பெற்று விளங்கிய அணி கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ். 1930-இல் அவர்கள் மின் விளக்குகளை வண்டிகளில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டு சென்று, இரவிலே ஆடிக் காட்டினார்கள். வெள்ளையர்களின் பெரிய அணிகள் இரவு ஆட்டத்தைத் தொடங்கியது ஐந்தாண்டுகள் கழித்து, 1935-இல்தான். இத்தகைய வீரர்களுக்குச் சென்ற ஊர்களில் பலவேளை உண்ண உணவு விடுதி கிடைக்காது. படுக்க அறை கிடைக்காது. வந்த வண்டியிலேயே உறங்கி எழுந்தனர். 1945-இல் அந்த அணியில் ஆடிய ஜாக்கி ராபின்சன், 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் களமிறங்கினார். அன்றுதான் அந்த எழுதாத சட்டம் உடைந்தது.

இதைக் கேட்கும்போது, அது அமெரிக்காவின் குறை, நமக்கென்ன என்று தோன்றக் கூடும். ஆகவே நம் சென்னைக்கே வருவோம். 1846-இல் தோன்றிய மதராஸ் கிரிக்கெட் சங்கம் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. சேப்பாக்கத்தில் அவர்களோடு ஆடச் சென்ற இந்தியர்கள், உணவு வேளையில் ஆட்ட மாளிகைக்குள் நுழைய முடியாமல் மரத்தடியில் அமர்ந்து உண்டார்கள் என்று சொல்வதுண்டு. இந்த இழிவைப் பொறாத ஒருவர் மயிலாப்பூரில் இருந்தார். அவர் புச்சிபாபு நாயுடு. அவர் 1888-ஆம் ஆண்டில் மதராஸ் ஐக்கிய சங்கம் என்பதை நிறுவி, இந்திய இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கினார். ஐரோப்பியரும் இந்தியரும் சமமாக நின்று மோதும் மாகாண ஆட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். 1908-ஆம் ஆண்டு இறுதியில் அந்த ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பே அவர் இறந்து போனார். ஆயினும் அவர் கண்ட கனவு நிறைவேறியது. இன்றும் அவர் பெயரால் போட்டி நடைபெறுகிறது.

வெள்ளையர் நம்மை மரத்தடியில் உட்கார வைத்தார்கள் என்று இன்றும் நாம் வருந்துகிறோம். அது நியாயமான வருத்தம். ஆனால் அதே காலத்தில், அதே நாட்டில், நம்மவர்கள் நம்மவர் ஒருவரை எங்கே உட்கார வைத்தார்கள்? அதற்கு விடை காணப் பூனா நகரத்துக்குச் செல்ல வேண்டும்.

பாலூ 1876-ஆம் ஆண்டில் தார்வாடில் பிறந்தார். தோல் தொழில் செய்வோர் என்று தாழ்த்தப்பட்ட குலம் அவருடையது. தந்தையார் பூனாவில் இராணுவத்தைச் சார்ந்த பணியில் இருந்தார். வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலூவும் அவர் தம்பி சிவராமும் ஆடப் பழகினார்கள். வறுமை காரணமாகப் படிப்பு நீளவில்லை. பார்சிகள் நடத்திய ஒரு சங்கத்தில் தரையைப் பெருக்கி உருளை உருட்டும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892-ஆம் ஆண்டளவில் ஐரோப்பியரின் பூனா சங்கத்தில் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். தரையைச் செம்மை செய்வதும், வலை கட்டுவதும், கோடு கிழிப்பதும் அவருடைய வேலைகள்.

ஓய்ந்த வேளையில் அவர் அதிகாரிகளுக்குப் பந்து வீசினார். அங்கே கிரெய்க் என்ற படை அதிகாரி இருந்தார். ஐரோப்பியர்களுள் அவர் மிகச் சிறந்த மட்டையாளர். ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பாலூவின் பந்துக்கு மட்டை பிடித்துப் பழகுவார். தம்மை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதை உண்மையானால், வாரத்துக்கு இரண்டு முறை வீழ்த்தினாலே பாலூவின் மாத வருவாய் இருமடங்காகியிருக்கும். பாலூ அங்கே ஆயிரக்கணக்கான பந்துகளை வீசினார். ஆனால் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமாருக்கு உரியது. வியர்வை சிந்தி வீசுவது வேலைக்காரனுக்கு உரியது என்பது அன்றைய எண்ணம்.

பாலூவின் பந்து எத்தகையது என்பதை இங்கே சிறிது விளக்க வேண்டும். அவர் இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுபவர். கொட்டிவாக்கத்துக் கடற்கரையில் விளையாடும் சிறுவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அலை வந்து நனைத்துப் போன இறுகிய மணலில், விரல்களால் திருகி விட்ட பந்து விழுந்தவுடன் ஒரு பக்கம் திரும்பி ஓடும். அதே பந்து மேட்டிலுள்ள உலர்ந்த மணலில் விழுந்தால் அப்படியே புதைந்து நின்றுவிடும். ஆகவே சுழற்பந்து வீசுபவனுக்குக் கையைப் போலவே தரையும் தெரிந்திருக்க வேண்டும். வலக்கையால் மட்டை பிடிப்பவனுக்கு, இடக்கைச் சுழற்பந்து காலுக்கு நேராக வருவதுபோல் தோன்றி, தரையில் பட்டதும் வெளிப்புறம் விலகிப் போகும். துரத்தினால் மட்டையின் ஓரத்தில் பட்டுப் பிடியாகிவிடும். விட்டுவிட்டால், அடுத்த பந்து திரும்பாமல் நேராக வந்து குச்சியைத் தட்டும். ஒவ்வொரு நாளும் தரையைப் பெருக்கி, நீர் தெளித்து, உருளை உருட்டிய பாலூவுக்குத் தரையின் இயல்பு தெரியாமலா இருக்கும்? அவரைத் தாழ்த்துவதற்காகக் கொடுத்த வேலையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

பூனாவில் இந்துக்களின் சங்கம் ஒன்று இருந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்பது அவர்களுடைய தீராத ஆசை. வெல்லும் கருவி பாலூவின் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரைச் சேர்த்துக் கொள்ளலாமா? உறுப்பினர்களுள் உயர் குலத்தார் பலர் தயங்கினர். தெலுங்கு பேசும் உறுப்பினர் சிலர் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டனர். முடிவில் ஆசை தயக்கத்தை வென்றது. பாலூ அணியில் இடம் பெற்றார்.

இடம் பெற்றார் என்றால் எந்த இடம்? களத்துக்குள் அவர் தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். ஆட்டம் நின்று தேநீர் வேளை வந்ததும் மற்றவர்கள் மாளிகைக்குள் சென்று பீங்கான் கிண்ணத்தில் பருகினார்கள். பாலூவுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் வந்தது. பருகியதும் அக்குவளை எறியப்பட்டது. முகம் கழுவ வேண்டுமானால், அவர் குலத்தைச் சேர்ந்த பணியாளர் ஒருவர் ஒதுக்குப்புறத்தில் நீர் கொண்டுவந்து ஊற்றுவார். உணவும் தனியிடத்தில்தான். தோலால் செய்த பந்து தீட்டு ஆகவில்லை. அதை வீசிய கை தீட்டாயிற்று. சேப்பாக்கத்தில் வெள்ளையர் இந்தியருக்குச் செய்ததை, பூனாவில் இந்தியர் இந்தியருக்கே செய்தனர்.

சதாராவில் ஐரோப்பியரோடு நடந்த ஆட்டம் ஒன்றில் பாலூவின் பந்துவீச்சினால் பூனா அணி வென்றது. ஊர் திரும்பியதும் பாலூவைப் பெருமைப்படுத்தினார்கள். சீர்திருத்தப் பெரியாரும் நீதிபதியுமான மகாதேவ கோவிந்த ரானடே அவருக்கு மாலை சூட்டினார் என்பர். ஒருவரோடு சேர்ந்து விளையாட உங்களால் முடியுமானால், அவரோடு சேர்ந்து உண்ணவும் பருகவும் வேண்டும் என்ற கருத்தை ரானடே சங்கத்தாரிடம் கூறியதாகவும் சொல்வர். எளிய நியாயந்தான். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்ல ஒரு ரானடே வேண்டியிருந்தது.

பிறகு பாலூ பம்பாய்க்குச் சென்றார். இரயில்வே நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்குள்ள இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பம்பாய் இந்துக்கள் ஐரோப்பியரை எதிர்த்து ஆடினர். இந்துக்கள் முதலில் 242 ஓட்டங்களும், பின்பு 160 ஓட்டங்களும் எடுத்தனர். ஐரோப்பியர் எடுத்தவை 191, 102. இந்துக்கள் 109 ஓட்டங்களால் வென்றார்கள். ஐரோப்பியரின் இரண்டாம் ஆட்டத்தைச் சிதறடித்ததில் பாலூவின் பங்கு பெரிது. அவ்வணியில் பாலூவும் சிவராமும் இருந்தார்கள். விக்கெட் காப்பாளராகத் தென்னாட்டவரான சேஷாச்சாரி இருந்தார். பூனாவைப் போலன்றிப் பம்பாயில் பாலூ மற்றவர்களோடு ஒரே அறையில் உண்டார். சீர்திருத்தம் விரும்பிய பத்திரிகைகள் வெற்றியைவிட அதையே பெரிதாகப் பாராட்டின.

இனி 1911-ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்திய அணி ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்ற முயற்சி சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கித் தோற்றிருந்தது. பார்சிகளுக்கு எத்தனை இடம், இந்துக்களுக்கு எத்தனை இடம், முஸ்லிம்களுக்கு எத்தனை இடம் என்ற சச்சரவில் அது கலைந்தது. மீண்டும் முயன்றபோது எல்லாச் சமயத்தாரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். அணித் தலைவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது பத்தொன்பது. பாலூவுக்கு வயது முப்பத்தைந்து. தோளும் முதுகும் தளரத் தொடங்கும் வயது. மகாராஜா ஒரு பக்கம். ஒரு காலத்தில் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்குத் தரை பெருக்கியவர் ஒரு பக்கம். இருவரும் ஒரே அணியின் பெயரால் ஒரே நாட்டுக்குப் புறப்பட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. இலண்டன் மாநகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. மகாராஜாவுக்கு விருந்துகளும் அழைப்புகளும் மிகுதி. ஆகவே அவர் ஒரு சில ஆட்டங்களில் மட்டுமே கலந்து கொண்டார். அவரோடு இருக்க வேண்டியிருந்தமையால், சிறந்த மட்டையாளரான மிஸ்திரியும் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடவில்லை. அணி தலைவனில்லாத குடும்பம் போலாயிற்று. இங்கிலாந்தில் அந்தக் கோடை வழக்கத்துக்கு மாறாகச் சுட்டெரித்தது. தரை காய்ந்து கெட்டிப்பட்டு, மட்டை பிடிப்பவர்களுக்கே துணை நின்றது. நம்மவர்கள் தோல்விக்கு மேல் தோல்வி கண்டார்கள்.

அந்தத் தோல்விகளின் நடுவிலும் ஒருவர் சோர்வின்றிப் பந்து வீசிக் கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிரே, 103 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார் பாலூ. எண்ணிப் பாருங்கள். எழுத்தறிவை முற்றக் கற்க வறுமை இடங்கொடாத ஒருவர், உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகத்து இளைஞர் எண்மரைத் தம் விரல் வித்தையால் திருப்பி அனுப்பினார். நம் அணி அந்த ஆட்டத்திலும் தோற்றது. ஆனால் ஆங்கிலேயர் பாலூவை மறக்கவில்லை.

ஜூலை மாதத்தில் காற்று திரும்பியது. லெஸ்டர்ஷயர் மாவட்ட அணியை நம்மவர்கள் ஏழு விக்கெட்டுகளால் வென்றார்கள். பார்சி மருத்துவரான காங்கா மட்டையால் ஓட்டங்களைக் குவித்தார். பாலூ பந்தால் எதிரணியைச் சாய்த்தார். பம்பாயில் இன்றும் மழைக்காலத்தில் நடக்கும் காங்கா போட்டி அந்த மருத்துவரின் பெயரைத் தாங்கியதே. அடுத்து டான்டன் என்ற ஊரில் சாமர்செட் அணியோடு நடந்த ஆட்டம், கேட்டாலே நெஞ்சு துடிக்கும் ஆட்டம். இறுதி ஆட்டத்தில் நம்மவர்கள் எட்ட வேண்டிய இலக்கு 265. விக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஒரு முனையில் மட்டும் ஒருவர் அசையாமல் நின்றார். அவர் பாலூவின் தம்பி சிவராம். ஆட்டமிழக்காமல் 113 ஓட்டங்கள் எடுத்தார். மறுமுனையில் அண்ணன் பாலூவும் மட்டை பிடித்துத் துணை நின்றார். பூனா சங்கத்தில் ஒருநாளும் மட்டை கொடுக்கப்படாத அதே பாலூதான்! ஒரே ஒரு விக்கெட்டு மீதமிருக்க, இந்திய அணி வென்றது.

அந்தப் பயணத்தில் இந்திய அணி மொத்தம் 23 ஆட்டங்கள் ஆடியது. வென்றவை 6, தோற்றவை 15, முடிவு காணாதவை 2. அணியின் கணக்கு இப்படி. பாலூவின் கணக்கோ வேறு. எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரி பத்தொன்பதுக்கும் குறைவு. முதல்தர ஆட்டங்களை மட்டும் எண்ணினால் 75 விக்கெட்டுகள். துணையாகப் பந்து வீசுவோர் வலுவாக அமையாத அணியில், காய்ந்த தரையில், முப்பத்தைந்தாம் வயதில் இவ்வளவு செய்தார் என்பதை நினைத்தால் அந்த எண்ணிக்கையின் அருமை விளங்கும்.

பாலூ பம்பாய் திரும்பியபோது ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு கூடி அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அவர்களுக்கு அது வெறும் ஆட்டக்காரனுக்குச் செய்த வரவேற்பு அன்று. உங்களால் ஆகாது என்று பல தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒரு மக்கள், எங்களால் ஆகும் என்று காட்டிய தம் மகனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அக்காலத்தில் பம்பாயில் மாணவராயிருந்த அம்பேத்கரும் பாலூவைத் தம் மக்களின் பெருமையாக மதித்தவர்.

இங்கே கதை முடிந்திருந்தால் அது இனிய கதை. திறமை இருந்தால் எல்லாத் தடையும் விலகும் என்று நீதி சொல்லி நானும் விடைபெற்றிருப்பேன். ஆனால் நடந்தது அப்படி அன்று.

பாலூ பிறகும் பல ஆண்டுகள் இந்து அணிக்கு ஆடினார். அவர் தம்பியர் சிவராம், கண்பத், விட்டல் ஆகியோரும் ஆடினர். நால்வரும் ஒரு தாய் மக்கள். நால்வரும் சிறந்த ஆட்டக்காரர்கள். அணியில் மூத்தவர் பாலூ. அனுபவம் மிகுந்தவர் பாலூ. ஆனால் தலைமைப் பதவி மட்டும் அவருக்கு வரவில்லை. பந்து வீசச் சொன்னார்கள். எவர் வீச வேண்டும் என்று சொல்லும் உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. களத்தின் வாயில் திறந்தது. உணவறையின் வாயிலும் திறந்தது. மூன்றாவது வாயில் மூடியே இருந்தது.

1913-ஆம் ஆண்டில் எம். டி. பாய் என்பவர் தலைவரானார். உயர் குலத்தவர், பாலூவோடு இங்கிலாந்துக்குச் சென்று வந்தவர். தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் அவர், இந்தப் பெருமை மூத்தவரும் அனுபவம் மிக்கவருமான நண்பர் பாலூவுக்கே சேர்ந்திருக்க வேண்டும் என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். பதவி பெற்ற மேடையிலேயே, இது எனக்கு உரியதன்று என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

1920-ஆம் ஆண்டில் இந்தச் சிக்கல் வெடித்தது. பாய் நோயுற்றிருந்தார். அடுத்துத் தலைமை ஏற்க விட்டல் தகுதி உடையவர். அவரை விட்டுவிட்டு வேறொருவரை அமர்த்தினார்கள். பாலூவையும் அணியிலிருந்து நீக்கினார்கள். சிவராமும் விட்டலும் அந்த ஆட்டத்தில் கலந்து கொள்ள மறுத்தார்கள். மறுத்ததோடு நில்லாமல், தகுதியை விட்டுவிட்டுக் குலத்தைப் பார்ப்பது முறையன்று என்று பத்திரிகைகளில் தம் மனத்தைத் திறந்து எழுதினார்கள். பம்பாய் முழுவதும் அதுவே பேச்சாயிற்று. இறுதிப் போட்டி வந்தது. பாய் உடல் நலம் பெற்றுத் திரும்பினார். சகோதரர்கள் அழைக்கப்பட்டனர், பாலூ துணைத் தலைவரானார். ஆட்டத்தின் நடுவே பாய் தாமாகவே களத்தை விட்டு வெளியேறினார், பாலூ சிறிது நேரமாவது தலைமை தாங்கட்டும் என்று. இருபதாண்டுகளுக்கும் மேலாக உழைத்தவருக்குத் தலைமை கிடைத்தது, அந்தச் சிறிது நேரந்தான்.

ஆனால் அந்தச் சிறிது நேரம் வீண் போகவில்லை. 1923-ஆம் ஆண்டில் விட்டல் இந்து அணியின் முழுத் தலைவரானார். அவ்வாண்டு இறுதிப் போட்டியில் ஐரோப்பியரை வென்றார்கள். உயர் குலத்து இளைஞர்கள் விட்டலைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். அண்ணனுக்கு மண் குவளை கொடுத்த சமூகம், தம்பியைத் தோள்மேல் ஏற்றியது. இடையே சென்றவை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். தீண்டாமையை எதிர்த்து நாட்டில் எழுந்திருந்த கிளர்ச்சியும் இந்த மாற்றத்துக்குக் காரணம். ஆடமாட்டோம் என்று சகோதரர்கள் ஒதுங்கி நின்ற துணிவும் காரணம். பந்துவீச்சு ஒன்றே இதைச் செய்துவிடவில்லை.

ஆட்டத்திலிருந்து ஓய்ந்த பின் பாலூ பொது வாழ்வில் ஈடுபட்டார். 1932-ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். நம் பரங்கிமலைப் பகுதியிற் பிறந்த எம். சி. ராஜாவும் ஒருவர். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று பாலூ தோற்றார். ஒடுக்கப்பட்டோரின் விடுதலைக்கு எது வழி என்பதில் இருவர் கருத்தும் வேறுபட்டன. 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாலூ காலமானார். இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டம் 1932-ஆம் ஆண்டில் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. காலம் அவருக்கு அந்த வாய்ப்பையும் தரவில்லை.

மாணவ நண்பர்களே, 1911-ஆம் ஆண்டின் ஆட்டப் பதிவேட்டில் பாலூவின் பெயருக்கு எதிரே 114 என்ற எண் நிற்கிறது. அந்த எண்ணை எவராலும் மாற்ற முடியாது. ஆனால் தேநீர் எந்தக் கிண்ணத்தில் வந்தது என்பதைப் பதிவேடு எழுதுவதில்லை. எவர் தலைவராகியிருக்க வேண்டும் என்பதையும் எழுதுவதில்லை. அவற்றை நாம் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும்.

திறமையுடையவன் எப்படியும் மேலே வந்துவிடுவான் என்று சொல்வது எளிது. பாலூவின் வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. அவரிடம் இருந்ததைவிட மிகுந்த திறமையை அந்நாளில் எவரும் கேட்டிருக்க முடியாது. அதுவும் போதவில்லை. வெளியே நின்றவர் கதவைத் தட்டினார். தம்பியர் உரக்கத் தட்டினார்கள். உள்ளே இருந்த ரானடேயும் பாயும் தாழ்ப்பாளில் கை வைத்தார்கள். இத்தனையும் சேர்ந்த பின்புதான் கதவு அசைந்தது.

உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் அணிகள் உண்டு. எப்போதும் பந்து பொறுக்கவும் நீர் சுமக்கவும் மட்டும் அழைக்கப்படுபவன் ஒருவன் அங்கே இருக்கலாம். நன்றாக ஆடியும் தலைவனாக எண்ணப்படாத ஒருத்தி இருக்கலாம். உங்களுள் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு நீங்கள் சினங்கொள்கிறீர்கள், அது நன்று. அதே அநீதியை நீங்கள் அறியாமலே வேறொருவருக்குச் செய்கிறீர்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வரும்போது, தரை பெருக்கிக் கொண்டே பந்தின் வழியைக் கற்றுக் கொண்ட பாலூவை நினைத்துக் கொள்ளுங்கள்.